கூடு கட்டாத தேனீ

பள்ளியில் பேச்சுப் போட்டி நடந்தால் தேனீ எப்படியும் மேடையேறிவிடும். "எறும்பைப் போல் சேமிக்க வேண்டும், தேனீயைப் போல் உழைக்க வேண்டும்" என்று ஏதாவது ஒரு பிள்ளை கையை ஆட்டிச் சொல்லும், பெற்றோர் கைதட்டுவார்கள். வேலைக்குப் போன பிறகும் தேனீ நம்மை விடுவதில்லை. குழுவாக உழைப்பதைப் பற்றிப் பேச வருகிற பயிற்சியாளரின் திரையில் ஒரு தேன்கூட்டுப் படமாவது இருக்கும். மனிதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் ஊழியர்களுக்கும் இத்தனை காலமாகக் காட்டும் நல்ல உதாரணம் அது.

அந்தக் குடும்பத்திலேயே, தன் பிள்ளைக்காக ஒரு துளி மகரந்தம்கூடச் சேர்க்காத, கூட்டுக்காக ஒரு சிட்டிகை மண்ணைக்கூடத் தோண்டாத உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் என்று நினைத்துவிடாதீர்கள். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உள்ளன. அவற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்த வகைதான். அவற்றுக்குப் பொதுவான பெயர் குயில் தேனீ.

இந்த வாரம் அவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அதிலும் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாமல், இனி இல்லை என்றே பலர் முடிவுகட்டிய பிறகு திரும்பி வந்த ஒரு தேனீ அது.

குயிலை நமக்குத் தெரியும்

அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்குக் குயிலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பொழுது விடிவதற்கு முன்பே, கைப்பேசி அலாரத்தை முந்திக்கொண்டு கூவத் தொடங்கிவிடும். காலை நிகழ்ச்சிக்காக இருட்டிலேயே வீட்டை விட்டுக் கிளம்பும் எனக்கு, அன்றைய முதல் 'வணக்கம்' பெரும்பாலும் அதனிடமிருந்துதான் வரும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி அதைக் கேட்டு மகிழ்வார். பக்கத்து வீட்டுக்காரர் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்வார்.

குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும். இது நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதைதான். அவ்வளவாகப் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. நாம் தினமும் பார்க்கும் வீட்டுக் காகம் இந்த வட்டாரத்தின் பூர்வீகப் பறவை அன்று. காப்பிச் செடிகளைத் தின்ற புழுக்களை ஒழிக்க, 1890-களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. மனிதன் போடும் குப்பையில் அது பெருகியது, தெற்கே சிங்கப்பூர் வரை பரவியது. காகம் நிலைத்த இடத்தில் குயிலுக்கும் வாழ வழி கிடைத்தது.

வளர்ப்புத் தாய் இருக்கும் இடத்தில்தான் குயில் இருக்க முடியும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை போகும் இடம் அதுதான்.

தனியாக வாழும் தாய்

தேனீ என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு ராணி, ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள், மெழுகு அறைகள், தேன். ஆனால் உலகின் பெரும்பாலான தேனீக்கள் அப்படி வாழ்வதில்லை. அவை தனித்தேனீக்கள். ராணியும் இல்லை, படையும் இல்லை. ஒரே ஒரு தாய், அவளுக்கு ஒரு கூடு.

அந்தத் தாய் மண்ணிலோ, மரத் துளையிலோ, பழைய சுவரின் விரிசலிலோ ஒரு சுரங்கம் அமைப்பாள். அதற்குள் விரல் நுனி அளவில் சிறு சிறு அறைகள். ஒவ்வோர் அறைக்கும் பூக்களிலிருந்து மகரந்தமும் தேன்நீரும் கொண்டுவந்து பிசைந்து வைப்பாள். ஓர் அறையை நிரப்பவே பலமுறை போய் வர வேண்டும். அதன் மேல் ஒரு முட்டையை இட்டு, வாசலை அடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போவாள். பெரும்பாலான இனங்களில் பிள்ளை பொரிந்து வெளியே வருவதைப் பார்க்கத் தாய் உயிருடன் இருப்பதில்லை. சமைத்து வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிச் சென்றுவிடுகிறாள்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. அவள் பூவைத் தேடிப் போயிருக்கும் நேரத்தில் வீட்டில் காவலுக்கு ஆள் இல்லை.

வாசலில் காத்திருப்பவள்

குயில் தேனீ பூவைவிடத் தரையைத்தான் அதிகம் கவனிக்கும். கூடுகள் உள்ள மண்மேட்டின் மேல் தாழ்வாக, மெதுவாகப் பறந்து சுற்றும். எந்தத் துளையிலிருந்து யார் வெளியே போகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்று நோட்டம் பார்க்கும். வீட்டுக்காரி கிளம்பியதும் உள்ளே நுழையும், ஒரு முட்டை இடும், சத்தமில்லாமல் வெளியேறிவிடும்.

முறை ஒவ்வோர் இனத்திலும் வேறுபடுகிறது. 'நொமாடா' என்ற இனக்குழு, தாய் இன்னும் உணவு சேர்த்துக்கொண்டிருக்கும் திறந்த அறைக்குள் புகுந்து, தன் முட்டையை அறைச் சுவருக்குள் செருகி மறைத்துவிடும். திரும்பி வரும் தாய்க்கு எதுவும் தெரியாது. தன் முட்டையையும் இட்டு, இரண்டையும் சேர்த்தே அடைத்துவிடுவாள்.

'சீலியாக்சிஸ்' வேறு மாதிரி. உங்கள் வீட்டு ரோஜா அல்லது காகிதப்பூச் செடியின் இலை, யாரோ கத்தரிக்கோலால் அரைவட்டமாக வெட்டியது போல இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அந்த இலைத் துண்டுகளைச் சுற்றிப் பிள்ளைக்குத் தொட்டில் செய்யும். பெண் சீலியாக்சிஸின் வயிற்று நுனி ஊசி போலக் கூரானது. இலைத் தொட்டிலுக்குள் முட்டையைச் செலுத்த அதுதான் கருவி.

'தைரியஸ்' இன்னும் துணிச்சலானது. பெயரைக் கேட்டதும் சிரிப்பு வரும், ஆனால் பொருத்தமான பெயர்தான். தாய் அடைத்துவிட்டுப் போன அறையையே உடைத்துத் திறந்து, முட்டையிட்டு, மீண்டும் மண்ணால் மூடிவிட்டுப் போகும். பூட்டை உடைத்துத் திருடியவர், போகும்போது பூட்டையும் பழுதுபார்த்துவிட்டுச் செல்வதைப் போல.

அறைக்குள் அடுத்து நடப்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். குயில் தேனீயின் புழுவுக்கு இளம் பருவத்தில் அரிவாள் போல் வளைந்த தாடைகள் இருக்கும். அதன் முதல் வேலை, அறையில் இருக்கும் மற்ற முட்டையை அல்லது புழுவைக் கொல்வது. ஒரே அறையில் இரண்டு குயில் முட்டைகள் இருந்தால் அவையும் ஒன்றையொன்று விட்டுவைப்பதில்லை. ஓர் அறையில் இருப்பது ஒரு பிள்ளைக்கான சாப்பாடுதான். போட்டி முடிந்த பிறகு, புழு தோலை உரித்து அடுத்த பருவத்துக்கு மாறும்போது அந்த அரிவாள் தாடைகளும் போய்விடும். அதன் பிறகு மற்றத் தேனீப் புழுக்களைப் போலவே சாதுவாக மகரந்தத்தைத் தின்று வளரும்.

திருட்டுக்கென்றே ஓர் உடம்பு

பல தலைமுறைகள் இப்படியே வாழ்ந்ததில் குயில் தேனீயின் உடம்பும் மாறிவிட்டது. சாதாரணத் தேனீயின் பின்னங்காலிலோ வயிற்றின் அடியிலோ மகரந்தம் சுமக்க அடர்ந்த முடி இருக்கும். குயில் தேனீக்கு அது இல்லை. சந்தைக்குப் போகாதவருக்குக் கூடை எதற்கு? உடம்பில் முடி குறைந்து, பல இனங்கள் பார்ப்பதற்குக் குளவியைப் போலவே இருக்கும். தோல் மட்டும் நல்ல தடிப்பு. கூட்டில் வீட்டுக்காரியிடம் அகப்பட்டுக்கொண்டால் கொடுக்கும் கடியும் ஏறாத கவசம் அது.

சொந்த வீடு இல்லாததால் இரவில் தங்குவதற்கும் இடம் இல்லை. மாலை மங்கியதும் ஒரு மெல்லிய தண்டைத் தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு, கால்களை மடக்கி, அப்படியே தொங்கியபடி தூங்கிவிடும். எம்ஆர்டியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குபவர்களைப் பார்த்திருக்கிறோம். இது வாயால் பிடித்துக்கொண்டு தூங்குகிறது.

வாசனையும் ஒரு வேடம்தான். 1977-ல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். நொமாடா ஆண் தேனீயின் தலையில் சுரக்கும் திரவமும், அந்த இனம் குறிவைக்கும் வீட்டுக்காரத் தேனீயின் வாசனையும் வேதியியல் முறையில் ஒத்துப்போயின. இனச்சேர்க்கையின்போது ஆண் அந்த வாசனையைப் பெண் மீது பூசிவிடுகிறது, பெண் அந்த வாசனையோடு கூட்டுக்குள் நுழைகிறது என்று அவர்கள் கருதினார்கள். சீருடை போட்டுக்கொண்டு உள்ளே நுழைவது போன்ற வேலை.

குளிர்நாடுகளில் வாழும் பம்பிள்பீ தேனீக்களிடம் இந்தக் கதை அரண்மனைச் சதியாகவே மாறிவிடுகிறது. அங்கே ஒரு ராணியும் அவளுக்கு வேலைக்காரப் பெண்களும் உண்டு. குயில் பம்பிள்பீ உள்ளே நுழைந்து ராணியைக் கொன்றுவிடும் அல்லது அடக்கிவிடும். பிறகு அந்த வேலைக்காரர்களைக் கொண்டே தன் பிள்ளைகளை வளர்த்துக்கொள்ளும். தனக்கென்று வேலைக்காரர்களை அது பெறுவதே இல்லை. பிறப்பவை எல்லாம் அடுத்த தலைமுறை ஆண்களும் இளவரசிகளும்தான்.

எண்ணெய் தரும் பூ

இப்போது முதலில் சொன்ன அந்த அரிய தேனீக்கு வருவோம். இடம் வட அமெரிக்கா. அறிவியல் பெயர் எபியோலாய்டிஸ் பைலோசுலஸ். 1878-லேயே விவரிக்கப்பட்ட இனம். கருமையான, சிறிய, முதல் பார்வைக்கு யாரையும் கவராத தேனீ. அதைப் புரிந்துகொள்ள அதன் வீட்டுக்காரியைப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரியைப் புரிந்துகொள்ள ஒரு பூவைப் பார்க்க வேண்டும்.

பூவின் பெயர் லைசிமாக்கியா. ஈரமான நிலத்தில் மஞ்சளாகப் பூப்பது. மற்றப் பூக்கள் தேனீக்களுக்குத் தேன்நீர் தரும், இது தருவதில்லை. பதிலாக எண்ணெய் தருகிறது. இதழ்களின் அடியில் உள்ள நுண்ணிய முடிகளிலிருந்து கொழுப்பு எண்ணெய் சுரக்கும். பூக்கள் எண்ணெயையும் கூலியாகக் கொடுக்கின்றன என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் ஸ்டீபன் ஃபோகல் 1969-ல் அறிவித்த பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது.

அந்த எண்ணெய்க்கு வாடிக்கையாளர் மேக்ரோபிஸ் என்ற தேனீ. கால்களில் உள்ள பஞ்சு போன்ற முடிகளால் எண்ணெயை ஒற்றி எடுக்கும். மகரந்தத்தோடு அதைக் குழைத்துப் பிள்ளைக்கு உணவாக்கும். மிச்ச எண்ணெயை மண்ணறையின் சுவரில் பூசும். ஈர நிலத்தில் கூடு தோண்டும் தேனீக்கு அந்தப் பூச்சு இன்றியமையாதது. நாம் குளியலறைத் தரைக்கு நீர்க்கசிவுத் தடுப்பு அடிப்பது போல. இந்தச் செடி இல்லாத இடத்தில் மேக்ரோபிஸ் இருக்காது. தனக்குத் தேவையான தேன்நீரை மட்டும் பக்கத்தில் பூக்கும் வேறு செடிகளில் குடித்துக்கொள்ளும்.

அந்த மேக்ரோபிஸின் கூட்டில்தான் எபியோலாய்டிஸ் முட்டையிடுகிறது. வேறு யார் வீட்டிலும் அதற்கு இடமில்லை.

சங்கிலியைக் கவனியுங்கள். ஈரமான நிலம் இருந்தால்தான் லைசிமாக்கியா. லைசிமாக்கியா நிறைய இருந்தால்தான் மேக்ரோபிஸ். மேக்ரோபிஸ் நிறைய இருந்தால்தான் எபியோலாய்டிஸ். ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். ஒரு சதுப்பு நிலத்தை மண் கொட்டி நிரப்பினால், ஒரு மேய்ச்சல் நிலத்தை உழுதுவிட்டால், முதலில் காணாமல் போவது சங்கிலியின் கடைசிக் கண்ணிதான்.

அதுதான் நடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தத் தேனீ கண்ணில் படுவது நின்றே போனது. அருங்காட்சியகப் பெட்டிகளில் ஊசி குத்திய பழைய மாதிரிகள் மட்டும் இருந்தன. அழிந்திருக்கலாம் என்று எண்ணத் தொடங்கினார்கள்.

2002-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தேனீக்களை ஆராய்ந்துவந்த கோரி ஷெஃபீல்டின் சேகரிப்பில் அது மீண்டும் தென்பட்டது. 2006-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தின் தென்கிழக்கில் ஒன்று கிடைத்தது. கிடைத்த இடத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். காடும் அன்று, காப்பகமும் அன்று. உயர் அழுத்த மின்கம்பிகள் செல்லும் தடம்.

மின்கம்பிக்குக் கீழே

மின்கம்பிக்குக் கீழே உயரமான மரம் வளரக் கூடாது. அதனால் மின் நிறுவனங்கள் அந்தத் தடத்தில் மரங்களை அவ்வப்போது வெட்டிவிடுகின்றன. புதர்களும் புல்லும் காட்டுப் பூக்களும் மட்டும் மிஞ்சும். நிழல் விழாது, மண் திறந்து கிடக்கும், வெயில் நேராக அடிக்கும். மண்ணில் கூடு தோண்டும் தேனீக்கு இதைவிட நல்ல முகவரி கிடையாது. சுற்றியுள்ள நிலமெல்லாம் வீடாகவும் அடர்ந்த மரமாகவும் மாறிவிட்ட பிறகு, யாரும் தேனீக்காகத் திட்டமிடாத ஒரு கீற்று நிலம் அவற்றுக்குப் புகலிடமாகிவிட்டது.

கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வாக்னரும், அப்போது நியூயார்க்கில் இருந்த ஜான் ஆஷரும் இந்தக் கண்டுபிடிப்பை 2008-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்த ஜான் ஆஷர் பின்னர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். தம் மாணவர்களுடன் சேர்ந்து இந்தத் தீவின் தேனீக்களைப் பட்டியலிட்டவர்களில் அவரும் ஒருவர். நம் சின்னஞ்சிறு சிங்கப்பூரில் நூற்றுக்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன என்பது அப்படித்தான் தெளிவாகத் தெரியவந்தது.

அதன் பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் வேறு சில இடங்களிலும் எபியோலாய்டிஸ் தென்பட்டிருக்கிறது. ஆனாலும் 2011-ல் கனடாவின் வனவுயிர் மதிப்பீட்டுக் குழு அதை அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்றே வகைப்படுத்தியது.

நல்லவரா, கெட்டவரா?

இந்த மாதிரிக் கதையை வானொலியில் சொன்னால் நேயர்களிடமிருந்து ஒரு கேள்வி நிச்சயம் வரும். "அடுத்தவர் பிள்ளையைக் கொன்று, அடுத்தவர் சோற்றைத் தின்று வளர்வதை ஏன் காப்பாற்ற வேண்டும்?" நியாயமான கேள்விதான். ஒட்டுண்ணி என்பது நம் மொழியில் வசைச்சொல். உழைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாமாவையும் அப்படித்தான் சொல்கிறோம்.

முதல் பதில் கணக்கு. எந்த இடத்திலும் குயில் தேனீ வீட்டுக்காரத் தேனீயைவிடக் குறைவாகத்தான் நீடித்து வாழ முடியும். எல்லாக் கூடுகளிலும் குயில் முட்டை என்றால் அடுத்த ஆண்டு கூடு கட்ட ஆள் இருக்காது, குயிலும் இருக்காது. வீட்டுக்காரர்கள் குறையும்போது குயில்களும் குறைகின்றன. அவர்கள் பெருகும்போது இவையும் பெருகுகின்றன. மனிதன் குறுக்கே வராமல் இது மிக நீண்ட காலமாக நடந்துவருகிறது.

இரண்டாவது பதிலை ஒரு குடும்பக் கணக்காகச் சொல்கிறேன். மாதக் கடைசியில் வீட்டில் பணம் குறைந்தால் முதலில் எது நிற்கும்? அரிசி நிற்காது, பிள்ளையின் பள்ளிச் செலவு நிற்காது. வெளியே சாப்பிடுவதும் வார இறுதிச் சினிமாவும் நிற்கும். நெருக்கடி முதலில் தெரிவது அந்த மேல்வரிசையில்தான். இயற்கையின் மேல்வரிசையில் உட்கார்ந்திருப்பது குயில் தேனீ. ஓர் இடத்தில் அது இருக்கிறது என்றால், அதற்குக் கீழே வீட்டுக்காரத் தேனீ போதிய அளவு இருக்கிறது, அதற்கும் கீழே பூவும் மண்ணும் நலமாக இருக்கின்றன என்று பொருள். அது காணாமல் போனால், கீழே உள்ளவை இன்னும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே ஏதோ சரியில்லை என்று பொருள்.

பம்பிள்பீ தேனீக்களில் இது கண்ணெதிரே நடந்தது. வட அமெரிக்காவில் துருநிறத் திட்டு கொண்ட ஒரு பம்பிள்பீ இனம் வேகமாகக் குறைந்து, 2017-ல் அமெரிக்காவின் அழியும் உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. அதன் கூட்டை நம்பியிருந்த குயில் பம்பிள்பீயைக் கனடா அதற்கு முன்பே, 2014-லேயே, அழியும் ஆபத்தில் உள்ளதாக அறிவித்திருந்தது.

உழைப்பாளியை மட்டும் காப்பாற்றுவோம், மற்றவை போகட்டும் என்று நாம் நினைக்கலாம். நிலம் அப்படிப் பிரித்துக் கொடுப்பதில்லை. உழைப்பாளிக்கு வேண்டிய பூவும் மண்ணும் போதிய அளவு இருக்கும் இடத்தில் அழையாத விருந்தாளியும் வந்து சேரும். அவள் வராத அளவுக்கு இடம் சுருங்கிவிட்டால், உழைப்பாளியின் நாளும் எண்ணப்படுகிறது.

நம் வீட்டுக்குக் கீழே

இதைப் பார்க்கக் கனெக்டிகட் போக வேண்டியதில்லை. முன்பு சொன்ன தைரியஸ் நம் ஊரிலேயே இருக்கிறது. கரிய உடம்பில், வெளிர்நீலச் சுண்ணாம்பைத் தொட்டுத் தொட்டு வைத்தது போன்ற புள்ளிகள். அழகில் குறை சொல்ல முடியாது. அதன் வீட்டுக்காரி அமெகில்லா, அதாவது நீலப்பட்டைத் தேனீ. வயிற்றில் நீலமாக மின்னும் வளையங்கள் இருக்கும், பறப்பதில் ஓயாத அவசரம் இருக்கும். ஒரு பூவின் முன் அந்தரத்தில் நின்று, நாக்கை நீட்டிக் குடித்துவிட்டு, அடுத்த நொடியில் வேறு பூவில் இருக்கும். கத்தரி, தக்காளிப் பூக்களைப் பிடித்துத் தசைகளை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் திறமை அதற்கு உண்டு. அந்த வேலையைச் சாதாரணத் தேன்கூட்டுத் தேனீயால் செய்ய முடியாது. உங்கள் சமூகத் தோட்டத்தில் கத்தரிக்காய் நன்றாகக் காய்த்தால், அதற்கும் கொஞ்சம் நன்றி சொல்லலாம்.

எங்கே தேடுவது? துளசி பூத்திருக்கும் இடத்தில் நில்லுங்கள். பூ வந்ததும் கதிரைக் கிள்ளிவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒரு தொட்டியிலாவது கிள்ளாமல் விட்டுப் பாருங்கள். பூங்காக்களின் ஓரத்தில் ஊதாப் பூக்களோடு நீளமாக நிற்கும் சீமை நாயுருவியும் இவற்றுக்குப் பிடிக்கும். காலை வெயில் ஏறத் தொடங்கும் நேரம் நல்லது. நீலப்பட்டைத் தேனீ அடிக்கடி வரும் இடத்தில் பொறுமையாகக் காத்திருந்தால், ஒருநாள் வளையங்களுக்குப் பதில் நீலப் புள்ளிகளோடு ஒன்று வரும். அது தைரியஸ். குயில் தேனீயும் தன் பசிக்குத் தேன்நீர் குடிக்கப் பூவுக்கு வந்தே ஆக வேண்டும். மாலையில் போனால் மெல்லிய தண்டுகளைப் பாருங்கள். வாயால் கவ்விக்கொண்டு தூங்குபவர்களில் ஆண் அமெகில்லாக்கள் வரிசையாக இருக்கும், தைரியஸ் ஒன்று தனியாகவும் இருக்கலாம்.

பிள்ளைகளை அழைத்துப் போகத் தயங்க வேண்டாம். தனித்தேனீக்களுக்குக் காக்க வேண்டிய தேனும் படையும் இல்லாததால் அவை கொட்ட வருவது அரிது. ஆண் தேனீக்களுக்குக் கொடுக்கே கிடையாது. கையால் பிடிக்காமல், ஊதாமல், இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் போதும். தேன்கூட்டுத் தேனீக்கள் கூட்டமாகத் தொங்கும் இடம் மட்டும் வேறு. அதன் அருகே போக வேண்டாம்.

செய்யக்கூடியவை சின்னச் சின்ன வேலைகள்தான். சமூகத் தோட்டத்தில் பாத்தி வைத்திருப்பவர்கள் எல்லா மண்ணையும் மூடிவிடாமல், வெயில்படும் ஒரு மூலையை வெறும் களிமண்ணாக விட்டுவைக்கலாம். நீலப்பட்டைத் தேனீ கூடு தோண்டுவது அங்கேதான். இலையில் அரைவட்ட வெட்டு தெரிந்தவுடன் பூச்சி மருந்து பாட்டிலை எடுக்காமல் இருக்கலாம். செடி அதனால் செத்துவிடாது. டெங்கிக் காலத்தில் புகை அடிப்பதை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் அந்தப் புகைக்குக் கொசுவும் தேனீயும் ஒன்றுதான். தேங்கிய நீரை நாமே வாரந்தோறும் கொட்டிவிட்டால் புகைக்குத் தேவையும் குறையும்.

இன்னொன்றும் உண்டு. கைப்பேசியில் எடுக்கும் படத்தை 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியில் நாள், இடத்தோடு பதிவேற்றுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்தவர்கள் சொல்வார்கள். எபியோலாய்டிஸ் காணாமல் போனது தெரியவந்ததற்கும், திரும்பி வந்தது தெரியவந்ததற்கும் ஒரே காரணம்தான். எங்கே, எந்த நாளில் கண்டோம் என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். வருகிற பள்ளி விடுமுறையில் உங்கள் புளோக்கின் கீழே உள்ள தோட்டத்திலிருந்து அப்படி ஒரு பதிவு வரட்டும். வந்தால் எனக்கும் எழுதுங்கள், அடுத்த முறை இந்தப் பக்கத்தில் அதைப் பற்றிப் பேசுவோம்.